பதினேழு ரீஃபண்டும் ஒரு கேட்ச் வரியும்

"ஏனுங்க அம்மிணி, நாலாயிரத்து இருநூறு திருப்பிக் குடுக்கச் சொன்னா எட்டாயிரத்து நானூறு போயிருக்குதுங்களே?"

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஏப்ரல் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்த போன். பேசியது எங்கள் மென்பொருளைப் பயன்படுத்தும் ஒரு பள்ளியின் கணக்காளர் அம்மா. அந்த வருடம் ஒரு வேன் தடத்தை நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள். அதனால் மீதி வேன் கட்டணத்தைப் பெற்றோருக்குத் திருப்பித் தர வேண்டும், ஆளுக்கு 4,200 ரூபாய். பட்டியலை ஏற்றிவிட்டு ஒரு பட்டனை அழுத்தினால் பேமென்ட் கேட்வே (பணப் பரிமாற்றத்தை நடத்தித் தரும் இணையச் சேவை) வழியாக ரீஃபண்ட் போய்விடும். அந்த வசதியை பிஎச்பி என்ற நிரல் மொழியில் எழுதியவள் நான்.

திங்கள்கிழமை வரை பொறுக்காமல் அன்றைக்கே லாகை (மென்பொருள் செய்ததையெல்லாம் எழுதிவைக்கும் பதிவை) எடுத்துப் பார்த்தேன். பதினேழு பேருக்கு இரண்டு முறை போயிருந்தது. கூடுதலாகப் போனது 71,400 ரூபாய். கட்டியது இருபதாயிரம், அதில் திருப்புவது ஒரு பகுதி என்பதால், இரண்டாவது ரீஃபண்டையும் கேட்வே நியாயமான கோரிக்கையாகவே எடுத்துக்கொண்டது. அங்கே எந்தத் தவறும் இல்லை. தவறு எங்கள் கோடில், ஒரே ஒரு கேட்ச் வரியில் இருந்தது. ட்ரைக்குள் இருப்பது ஓடும்போது ஏதாவது தவறு நேர்ந்தால் எக்ஸெப்ஷன் என்ற ஆப்ஜெக்ட் எறியப்படும், அதைப் பிடித்து அடுத்து என்ன செய்வது என்று சொல்வது கேட்ச். அதன் வடிவம் ஏறத்தாழ இப்படி:

ட்ரை {
    கேட்வேயிடம் ரீஃபண்ட் கேள்;
    கிடைத்த ரீஃபண்ட் எண்ணை டேட்டாபேஸில் எழுது;
} கேட்ச் (ரன்டைம்எக்ஸெப்ஷன்) {
    இரண்டு விநாடி பொறு;
    முதலிலிருந்து மறுபடி செய்;
}

எழுதும்போது என் மனதில் இருந்தது நெட்வொர்க் கோளாறு மட்டும்தான். கேட்வே சில நேரம் மெதுவாகும், தொடர்பு அறுந்துபோகும், மறுபடி முயன்றால் சரியாகிவிடும் என்று. நாங்கள் பயன்படுத்திய எச்டிடிபி லைப்ரரியின் (இணையக் கோரிக்கைகளை அனுப்பும் ஆயத்தக் கோடு) எக்ஸெப்ஷன்கள் ரன்டைம்எக்ஸெப்ஷன் வழி வந்தவை. தாய் வகையைப் பிடித்தால் அதன் வழி வந்த எல்லாமும் பிடிபடும், அதனால் அதைப் பிடித்தேன்.

ஆனால் பிஎச்பியில், டேட்டாபேஸ் தவறினால் வரும் பிடிஓஎக்ஸெப்ஷனும் ரன்டைம்எக்ஸெப்ஷன் வழி வந்ததுதான். அன்று மதியம் பள்ளியில் மாதக் கணக்கு முடிப்பை ஓட விட்டிருக்கிறார்கள். அது ஒரு நீண்ட ட்ரான்ஸாக்ஷன் (முழுதாக முடியும், அல்லது முழுதாகக் கைவிடப்படும் டேட்டாபேஸ் வேலை). அதே வேன் கட்டண வரிசைகளைத் திருத்திக்கொண்டே போகும், முடியும்வரை அவற்றைப் பூட்டி வைத்திருக்கும். ரீஃபண்ட் கேட்வேயில் வெற்றிகரமாக முடிந்து, அடுத்த வரியில் ரீஃபண்ட் எண்ணை எழுதப் போனால் வரிசை பூட்டியிருக்கிறது. எங்கள் டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல்லில் தரவைச் சேமிக்கும் பகுதியான இன்னோடிபி இயல்பாக 50 விநாடி காத்திருக்கும், பிறகு 1205 என்ற பிழையோடு கைவிட்டுவிடும். பிழைச் செய்தியின் கடைசியில் 'ட்ரை ரீஸ்டார்ட்டிங் ட்ரான்ஸாக்ஷன்', அதாவது ட்ரான்ஸாக்ஷனை மறுபடி தொடங்கிப் பார் என்றே வரும். டேட்டாபேஸைப் பொறுத்தவரை அது சரியான அறிவுரை. அதற்கு ஒரு வரி முன்னால் பணம் போய்விட்டது என்று டேட்டாபேஸுக்கு எப்படித் தெரியும்? என் கேட்சுக்கும் தெரியவில்லை. இரண்டு விநாடி பொறுத்து, முதலிலிருந்து செய்தது.

அடுத்த வாரம் முழுக்க அந்த அம்மா ஒவ்வொரு பெற்றோருக்கும் போன் போட்டார். ஒருவர் மறுநாள் காலையிலேயே பணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்துவிட்டாராம். சிலரிடம் மூன்று முறை பேச வேண்டியிருந்தது. தான் செய்யாத தவறுக்கு அவர் பதினேழு பேரிடம் வருத்தம் சொன்னார் என்பது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. இந்தப் பதிவை எழுதுவதற்குக் காரணமே அதுதான்.

உடனடியாகச் செய்த திருத்தங்கள் இரண்டு. ஒவ்வொரு ரீஃபண்டுக்கும் நாங்களே ஒரு தனி எண் உருவாக்கி, கேட்வேயை அழைக்கும் முன்பே டேட்டாபேஸில் எழுதிவிட்டு, அதே எண்ணைக் கோரிக்கையோடு அனுப்புகிறோம். ஒரே எண் இரண்டு முறை வந்தால் கேட்வே முதல் பதிலையே திருப்பித் தரும். அடுத்து, கேட்வே அழைப்பும் டேட்டாபேஸ் எழுத்தும் ஒரே ட்ரைக்குள் இல்லாமல் பிரித்தோம். பணத்தோடு வேலை செய்கிற எல்லோரும் முதலில் செய்ய வேண்டியது இந்த இரண்டும்தான், அதில் பேச்சே இல்லை. ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை. எங்கள் கோடில் அதே மாதிரி கேட்ச் இன்னும் நாற்பது இடத்தில் இருந்தது. இன்னொரு இடத்தில் இன்னொரு விதமாக இதே கதை நடக்கும் என்று நிச்சயமாகத் தெரிந்தது.

முதலில் எல்லோரையும் போல எக்ஸெப்ஷன் வகைகளுக்கு ஒரு மரம் வரைந்தேன். மேலே கட்டணத்தவறு என்று ஒரு கிளாஸ் (ஆப்ஜெக்டின் வகை). அதன் கீழே நெட்வொர்க்தவறு, கேட்வேதவறு, டேட்டாபேஸ்தவறு. நெட்வொர்க்தவறின் கீழே தொடர்புகிடைக்கவில்லை, டைம்அவுட். கேட்வேதவறின் கீழே தொகைஅதிகம், கோரிக்கைகள்அதிகம், கணக்குமுடக்கம். (உண்மையான கோடில் இவையெல்லாம் ஆங்கிலப் பெயர்கள். படிக்க வசதியாக இங்கே தமிழில் எழுதுகிறேன். தமிழ் எழுத்தில் கிளாஸ் பெயர் வைத்தாலும் பிஎச்பி ஏற்றுக்கொள்ளும்.)

பார்க்க அழகான மரம். கேட்ச் எழுத உட்கார்ந்தபோதுதான் உதவவில்லை என்று புரிந்தது. தொடர்பே கிடைக்கவில்லை என்றால் மறுபடி முயலலாம், கோரிக்கை போய்ச் சேரவே இல்லை. டைம்அவுட் என்றால் முயலக் கூடாது, கோரிக்கை போய்ச் சேர்ந்து பதில் மட்டும் வராமல் இருக்கலாம். இரண்டும் ஒரே தாயின் பிள்ளைகள், செய்ய வேண்டியதோ நேர் எதிர். மறுபக்கம், 'கோரிக்கைகள் அதிகம், சற்றுப் பொறு' என்று கேட்வே 429 என்ற பதில் எண்ணை அனுப்பினால் தாராளமாக மறுபடி முயலலாம். அது வேறு கிளையில் உட்கார்ந்திருக்கிறது. ஆக, 'மறுபடி முயலத்தக்கவை' என்று பிடிக்க வேண்டுமானால் மரத்தின் இங்கே ஒரு இலை, அங்கே ஒரு இலை என்று பெயர் பெயராக எழுத வேண்டும். பிஎச்பி 7.1 வந்ததிலிருந்து ஒரே கேட்சில் பல பெயர்களை நெட்டுக்கோடு போட்டு அடுக்கலாம்தான். ஆனால் புதிதாக ஒரு எக்ஸெப்ஷன் சேர்ப்பவர், நாற்பது இடத்தையும் தேடிப் போய் அந்தப் பட்டியலை நீட்ட வேண்டும். ஒரு இடம் விட்டுப்போனாலும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

தவறு எங்கிருந்து வந்தது என்பதை வைத்து நான் மரம் வரைந்திருந்தேன். அதைப் பிடிக்கிற இடத்துக்கோ, இப்போது என்ன செய்வது என்பதுதான் வேண்டும். வந்த இடத்தை கிளாஸ் சொல்லட்டும். செய்ய வேண்டியதை இன்டர்ஃபேஸ் சொல்லட்டும். இன்டர்ஃபேஸ் என்பது ஒரு கிளாஸ் தரும் வாக்குறுதி, 'என்னிடம் இன்ன மெத்தட் (அழைத்தால் ஒரு வேலையைச் செய்யும் கோடுத் துண்டு) இருக்கிறது' என்று. ஒரு கிளாஸுக்குத் தாய் ஒன்றுதான், ஆனால் இன்டர்ஃபேஸ் எத்தனை வேண்டுமானாலும் போடலாம். பிஎச்பியில் கேட்ச் அடைப்புக்குள் இன்டர்ஃபேஸ் பெயரையே நேரடியாக எழுதலாம். பறந்து வரும் ஆப்ஜெக்ட் அந்த இன்டர்ஃபேஸைக் கொண்டிருந்தால் பிடித்துவிடும்.

எங்களிடம் இப்போது இருப்பவை நான்கு. முதலாவது கட்டணத்தவறு, இப்போது கிளாஸ் அல்ல, இன்டர்ஃபேஸ். உள்ளே ஒரு மெத்தட்கூடக் கிடையாது, இது எங்கள் பகுதியிலிருந்து வந்தது என்ற முத்திரை மட்டும். இது நான் கண்டுபிடித்ததல்ல. 2012இல் வந்த செண்ட் ஃப்ரேம்வொர்க் 2 என்ற பிஎச்பி கட்டமைப்பு ஒவ்வொரு பகுதிக்கும் இப்படி ஒரு எக்ஸெப்ஷன் இன்டர்ஃபேஸ் வைத்திருந்தது. இன்னொரு கட்டமைப்பான சிம்ஃபனியிலும் அதே வழக்கம். பிஎஸ்ஆர் 11, பிஎஸ்ஆர் 18 போன்ற, பிஎச்பி லைப்ரரிகளுக்கான பொதுத் தரங்களும் எக்ஸெப்ஷன்களை இன்டர்ஃபேஸாகத்தான் வரையறுக்கின்றன. வேறு வழியும் இல்லை. எச்டிடிபி லைப்ரரி எழுதும் ஒவ்வொருவருக்கும் அவரவர் கிளாஸ் மரம் இருக்கும், எல்லோரையும் ஒரே தாய்க்குப் பிள்ளையாக்க முடியாது.

இரண்டாவது, திரும்பமுயலலாம். இதில் ஒரு மெத்தட் உண்டு: எத்தனை விநாடி பொறுக்க வேண்டும் என்று ஒரு எண் தரும். 429 பதிலோடு, எவ்வளவு பொறுக்க வேண்டும் என்று சொல்லும் ரீட்ரை ஆஃப்டர் ஹெடர் வந்தால் அந்த எண், இல்லையென்றால் எங்கள் இயல்பு எண். மூன்றாவது, முடிவுதெரியாது. இதன் மெத்தட் அந்த ரீஃபண்டின் எங்கள் தனி எண்ணைத் தரும். பிடிப்பவர் அதை எடுத்து, 'இது என்ன ஆயிற்று என்று கேட்வேயிடம் விசாரி' என்று ஒரு வேலையை க்யூவில் (பின்னணியில் ஓடும் வேலைகளின் வரிசையில்) போடுவார். மறுபடி பணம் அனுப்பும் பேச்சே அங்கே வராது. நான்காவது, பயனரிடம்சொல்லலாம். திரையில் காட்டத்தக்க வாசகத்தின் சாவியை (அதைத் தேடி எடுக்க உதவும் பெயரை) இது தரும்.

நான்காவது ஏன் தனியாக வேண்டும் என்று கேட்பவர்களுக்காக: முன்பெல்லாம் எக்ஸெப்ஷனின் மெசேஜை அப்படியே திரையில் காட்டிக்கொண்டிருந்தோம். கட்டணம் கட்ட வந்த ஒரு அம்மா தன் போனில் 'கர்ல் எர்ரர் 28: ஆப்பரேஷன் டைம்ட் அவுட் ஆஃப்டர் 30001 மில்லிசெகண்ட்ஸ்' என்று பார்த்துவிட்டு, பணம் போச்சா இல்லையா என்று பள்ளிக்கு ஓடி வந்திருக்கிறார். மெசேஜ் லாகுக்காக, எங்களைப் போன்றவர்களுக்காக எழுதப்படுவது. பெற்றோருக்கான வாசகம் வேறு மனிதருக்கானது, தமிழில் இருக்க வேண்டும், பணத்தின் நிலையைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்த இன்டர்ஃபேஸ் இல்லாத எந்த எக்ஸெப்ஷனின் வாசகமும் இப்போது திரைக்குப் போகாது.

இதில் ஒரு விவரத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். திருத்தும்போது எங்கள் எச்டிடிபி லைப்ரரியான கஸிலின் கனெக்ட்எக்ஸெப்ஷனைப் பிடித்து, அதைத் திரும்பமுயலலாம் வகைக்கு மாற்றி அனுப்ப எழுதியிருந்தேன். பெயரைப் பார்த்தால் தொடர்பே கிடைக்காதபோது வருவது போலத்தானே இருக்கிறது? மூலக் கோடைத் திறந்து பார்த்த பிறகுதான் கை நடுங்கியது. கஸிலுக்கு அடியில் வேலை செய்யும் கர்ல் தரும் சில பிழை எண்களை ஒன்றாகச் சேர்த்து கனெக்ட்எக்ஸெப்ஷன் ஆக்குகிறார்கள். அதில் 6 (பெயருக்கு முகவரி கிடைக்கவில்லை), 7 (தொடர்பு கொள்ள முடியவில்லை) இருக்கின்றன. 28, அதாவது டைம்அவுட்டும் இருக்கிறது. கோரிக்கையை முழுக்க அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்து நேரம் முடிந்தாலும் 28தான். எதிர்முனை ஒன்றுமே சொல்லாமல் மூடிக்கொண்டால் வரும் 52ம் அந்தக் கூட்டத்தில் உண்டு. பிஎஸ்ஆர் 18இன் நெட்வொர்க் எக்ஸெப்ஷன் இன்டர்ஃபேஸும் பதில் கிடைக்கவில்லை என்று மட்டுமே சொல்கிறது. கோரிக்கை சேர்ந்ததா என்று அது சொல்வதில்லை. பொதுவான எச்டிடிபி வேலைக்கு அந்தப் பிரிப்பு போதும். பணத்துக்குப் போதாது. அதனால் எங்கள் அடாப்டரில் (கஸிலை அழைக்கும் இடைப் பகுதியில்) பிழை எண்ணைப் பார்த்து, 6, 7 என்றால் திரும்பமுயலலாம், 28, 52 என்றால் முடிவுதெரியாது என்று மாற்றுகிறோம். கஸிலின் எக்ஸெப்ஷன் அந்த அடாப்டரைத் தாண்டி வெளியே வருவதே இல்லை. அசலை முந்தைய எக்ஸெப்ஷன் என்ற மூன்றாவது ஆர்க்யுமென்ட்டில் வைத்து அனுப்புகிறோம், லாகில் இரண்டும் தெரியும்.

இதே பிரிப்பைப் பைத்தான் மொழியின் ரிக்வெஸ்ட்ஸ் என்ற எச்டிடிபி லைப்ரரி அழகாகச் செய்திருக்கிறது. அங்கே கனெக்ட்டைம்அவுட் வேறு, ரீட்டைம்அவுட் வேறு. முதலாவதைப் பற்றிய குறிப்பிலேயே, இது வந்தால் மறுபடி முயல்வது பாதுகாப்பானது என்று எழுதியிருக்கிறார்கள். கனெக்ட்டைம்அவுட்டுக்கு அங்கே இரண்டு தாய்: கனெக்ஷன்எர்ரர் ஒன்று, டைம்அவுட் ஒன்று. பைத்தானில் அது முடியும், அதனால் இன்டர்ஃபேஸ் செய்ய வேண்டியதைக் கூடுதல் தாயே செய்துவிடுகிறது.

ஜாவா மொழிக்காரர்களுக்கு இந்த வழி நேரடியாகக் கிடையாது. எறியத்தக்க எல்லாவற்றுக்கும் தாயான த்ரோவபிள் அங்கே ஒரு கிளாஸ், கேட்ச் அடைப்புக்குள் அதன் வழி வந்த கிளாஸ்தான் வரலாம். இன்டர்ஃபேஸ் வைத்தாலும், பொதுக் கிளாஸைப் பிடித்து உள்ளே 'இது இந்த வகையா' என்று இன்ஸ்டன்ஸ்ஆஃப் மூலம் கேட்டு, நமதில்லை என்றால் மறுபடி எறிய வேண்டும். சி ஷார்ப் மொழியில் 2015இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து கேட்சோடு 'வென்' நிபந்தனை சேர்க்கலாம். அதில் இன்டர்ஃபேஸைச் சோதித்தால் ஏறத்தாழ நம் வசதி வந்துவிடும்.

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், ரிவ்யூவில் நல்ல கேள்வி கேட்டார். "அக்கா, எதுக்கு இத்தனை இன்டர்ஃபேஸ்? ஒரே எக்ஸெப்ஷன் கிளாஸ், உள்ளே ஒரு ஈனம், திரும்பமுயல், விசாரி, நிறுத்துன்னு. பிடிச்சுட்டு மேட்ச் போட்டா முடிஞ்சுதே?" ஈனம் என்பது பெயர் வைத்த சில மதிப்புகளின் பட்டியல், அவற்றில் எது வந்தது என்று பார்த்துப் பிரிப்பது மேட்ச். இதை நான் லேசாகத் தள்ளவில்லை. பிஎச்பி 8.1இல் ஈனம் வந்த பிறகு அதுவும் ஒரு நல்ல வழிதான். அதில் ஒரு வகை விட்டுப்போனால் மேட்ச் தானே ஒரு எர்ரரை எறியும், அந்தப் பாதுகாப்பு கேட்சில் இல்லை. ஆனால் எனக்கு இரண்டு காரணம் இருந்தது. திரும்ப முயல்கிற கோடுக்கு முடிவு தெரியாதவற்றோடு எந்த வேலையும் இல்லை. ஈனம் வைத்தால் அதையும் பிடித்துப் பார்த்து மறுபடி எறிய வேண்டும், எறிய மறந்தால் விழுங்கிவிடும். இன்டர்ஃபேஸ் வைத்தால் தனக்குரியது மட்டும் கையில் விழும், மற்றவை தானாகக் கடந்து போகும். இரண்டாவது, ஒவ்வொரு வகைக்கும் தேவையான தகவல் வேறு. பொறுக்க வேண்டிய விநாடி ஒன்றுக்கு, விசாரிக்க வேண்டிய எண் இன்னொன்றுக்கு. ஒரே கிளாஸில் வைத்தால் பாதி ப்ராப்பர்ட்டிகள் எப்போதும் மதிப்பில்லாமல் வெறுமையாக இருக்கும். தம்பி யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். சின்ன ப்ராஜெக்டாக இருந்தால் அவர் வழியையே எடுத்திருப்பேன்.

இந்த வழியில் ஒளிந்திருந்த முதல் பொறியையும் அவர்தான் கண்டுபிடித்தார். அவர் எழுதிய டெஸ்ட் ஒன்றில் கேட்ச் இருக்கிறது, எக்ஸெப்ஷன் அந்த இன்டர்ஃபேஸோடுதான் வருகிறது, ஆனாலும் பிடிக்கவில்லை. அரை நாள் தேடினோம். ஃபைலின் மேலே யூஸ் வரி (வேறு இடத்தில் இருக்கும் பெயரை இங்கே கொண்டுவருவது) விட்டுப்போயிருந்தது. அதனால் கேட்சில் எழுதிய பெயரை, அந்த ஃபைலின் நேம்ஸ்பேஸைச் (பெயர்த் தொகுப்பை) சேர்ந்ததாக, உண்மையில் இல்லாத ஒன்றாக பிஎச்பி புரிந்துகொண்டது. கேட்சில் இல்லாத பெயரை எழுதினால் பிஎச்பி எந்தப் பிழையும் காட்டாது. அந்தப் பெயரில் எதுவும் வராது, அதனால் எதையும் பிடிக்காது, அவ்வளவுதான். எல்லாம் ஒழுங்காக ஓடும், ஒரு நாள் தேவைப்படும்போது வலை இருக்காது. அன்றைக்கே, கோடை ஓட்டாமலே படித்துப் பிழை தேடும் பிஎச்பிஸ்டானை எங்கள் பில்டில் கட்டாயமாக்கினோம். அது இப்படி இல்லாத பெயரைப் பிடிக்கும் கேட்சைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது பொறி, கேட்ச்களை எழுதும் வரிசை. ஒரு எக்ஸெப்ஷன் இரண்டு இன்டர்ஃபேஸோடு வரும்போது முதலில் பொருந்தும் கேட்ச்தான் எடுக்கும், மற்றது பார்க்கவே பார்க்காது. டைம்அவுட்டுக்கு நாங்கள் முடிவுதெரியாது, பயனரிடம்சொல்லலாம் இரண்டையும் போட்டிருந்தோம். ஓரிடத்தில் பயனரிடம்சொல்லலாம் மேலே இருந்துவிட்டது. பெற்றோருக்கு அழகான தமிழ் வாசகம் போனது, விசாரிக்கும் வேலை க்யூவுக்குப் போகவில்லை. நல்லவேளை, டெஸ்ட் சர்வரிலேயே தெரிந்தது. அதிலிருந்து பயனரிடம்சொல்லலாம் என்பதைக் கேட்சில் எழுதுவதே இல்லை. என்ன செய்வது என்று சொல்லும் இன்டர்ஃபேஸை மட்டும் பிடிப்போம். திரை வாசகம் எல்லாவற்றுக்கும் மேலே ஒரே இடத்தில், இருக்கிறதா என்று சோதித்து எடுக்கப்படும். திரும்பமுயலலாம், முடிவுதெரியாது இரண்டும் ஒரே கிளாஸில் சேரவே கூடாது, சேர்ந்தால் அதற்கு அர்த்தம் இல்லை. எங்கள் எல்லா எக்ஸெப்ஷன் கிளாஸையும் ரிஃப்ளெக்ஷன் (கோடே கோடின் அமைப்பைப் படிக்கும் வசதி) மூலம் புரட்டிப் பார்த்து அப்படி ஒன்று இருந்தால் தோற்கும்படி ஒரு டெஸ்ட் வைத்திருக்கிறோம். மொத்தம் இருபது வரிகூட இருக்காது. எங்களிடம் உள்ள டெஸ்ட்களில் எனக்கு மிகவும் பிடித்தது அது.

இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு இன்னும் இரண்டு சின்ன விஷயம். உங்கள் இன்டர்ஃபேஸை த்ரோவபிளின் நீட்சியாக எழுதுங்கள். அப்போதுதான் பிடித்த ஆப்ஜெக்டில் மெசேஜ் எடுக்கும் மெத்தட் எல்லாம் இருக்கிறது என்று எடிட்டருக்கும் பிஎச்பிஸ்டானுக்கும் தெரியும். பிஎச்பியில் த்ரோவபிள் ஒரு இன்டர்ஃபேஸ், 2015இல் பிஎச்பி 7ஓடு வந்தது. உங்கள் கிளாஸ் த்ரோவபிளை நேராக இம்ப்ளிமென்ட் செய்ய முடியாது, எக்ஸெப்ஷன் அல்லது எர்ரர் வழியாகத்தான் வர வேண்டும். ஆனால் இன்டர்ஃபேஸ் அதை நீட்டிக்கத் தடையில்லை. இன்னொன்று, எங்கள் முத்திரை இல்லாத எதையும், குறிப்பாக (தவறான வகை மதிப்பைக் கொடுத்தால் எழும்) டைப்எர்ரர் போன்றவற்றை, கட்டணப் பகுதியில் பிடிக்காமல் விட்டுவிடுகிறோம். அவை எங்கள் கோடின் பிழைகள். மேலே போய், வேலையை நிறுத்தி, எங்கள் போனை அடிக்கச் செய்யட்டும்.

நாற்பது கேட்சையும் மாற்ற மூன்று வாரம் ஆனது. பாதிக்கு மேல் மாற்றவே இல்லை, நீக்கிவிட்டோம்.

இந்த ஏப்ரலிலும் அந்தப் பள்ளியில் ரீஃபண்ட் பட்டியல் ஓடியது. மாதக் கணக்கு முடிப்பும் அதே மதியம்தான். நாலரை மணிக்கு அந்த அம்மா போன் செய்தார்.

"அம்மிணி, மூணு பேருக்கு மட்டும் 'வங்கியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம், மறுபடி அனுப்ப வேண்டாம்'னு காட்டுதுங்க. நான் என்ன செய்யட்டும்?"

"ஒண்ணும் செய்யாதீங்கம்மா. அரை மணி நேரத்துல அதுவே மாறிடும்."

இருபது நிமிடத்தில் இரண்டு வரி பச்சையானது. மூன்றாவது 'போகவில்லை' என்று வந்தது. அதை மட்டும் அவர் திரும்ப அனுப்பினார்.